நாலாம் நம்பர் மைக்

போன வாரம் கல்லூரிக்குப் புது ரிசீவர் வந்தது. அட்டைப் பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்த கறுப்பு நுரை மெத்தையைத் தூக்கியதும் ஒரு வாசனை அடித்தது. புதுச் செருப்புக்கும் மழையில் நனைந்த குடைக்கும் நடுவில் ஒன்று. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். ஒரு காலத்தில் பிடித்திருந்தது என்று சொல்வதுதான் சரி.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். மைக், படம் காட்டும் கருவி, ஏ.சி. ரிமோட், மேடைக்குப் பின்னால் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும் கதவு எல்லாம் என் பொறுப்பு. பேராசிரியர்கள் என்னைத் தம்பி என்பார்கள். மைக் ஊளையிட்டால் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பெட்டியோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் இருந்த அச்சடித்த காகிதங்கள் ரேஷன் கார்டும் காலண்டரும்தான். அதனால் எழுத்து எங்கே கிடைத்தாலும் முடியும்வரை விடுவதில்லை. சோப்பு உறையில் இருப்பதைக்கூட வாசித்துவிட்டுத்தான் கிழிப்பேன். இந்தக் கையேட்டிலும் ஒழுங்காகப் பதினோராம் பக்கம்வரை வந்தேன். அங்கே இப்படி இருந்தது: பேசப்போகிறவரை, அவரால் முடிந்த மிக உரத்த குரலில் பேசச் சொல்லவும், அதற்கேற்ப மைக்கின் அளவை வைக்கவும்.

மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். டீ என்றால் எங்களுக்கு வேறு நினைவுகள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வயர் இல்லாத மைக்கை நீங்கள் கல்யாணத்தில் பிடித்துப் பேசியிருப்பீர்கள். பேசுமுன் அதன் தலையில் இரண்டு தட்டும் தட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, எல்லாரும் தட்டுகிறார்கள். கையில் இருப்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். மேடையோரத்தில் இரண்டு கொம்போடு உட்கார்ந்திருக்கிற பெட்டிதான் ரிசீவர். முதலில் யாரும் புழங்காத ஒரு சேனலை அதுவாகத் தேடிக்கொள்ளும். பிறகு மைக்கை அதன் கண்ணாடிக்கு முன்னால் காட்டினால், இவன் நம்ம ஆள் என்று அடையாளம் வைத்துக்கொள்ளும். கொம்புகளை விரித்து வைக்க வேண்டும், நடுவில் ஆள் நிற்காமல் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ரிசீவரின் முகத்தில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று பச்சை விளக்கு. அது எரிந்தால் மைக்கின் ரேடியோ வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று, மேலும் கீழும் ஏறி இறங்குகிற பட்டைகள். அவை ஏறினால் குரல் வந்து சேர்ந்துவிட்டது. பச்சை எரிந்து, பட்டை ஏறாவிட்டால் மைக்கில் கோளாறு இல்லை, பேசுகிறவர் பேசவில்லை என்று பொருள். கையேடு அப்படித்தான் சொல்கிறது. நானும் பல வருசம் நம்பினேன்.

எங்கள் அப்பாவின் குரலுக்கு இதெல்லாம் தேவைப்பட்டதில்லை.

அப்பா மலையில், தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தார். மூட்டை தூக்குவது வேலை, கூப்பிடுவது கூடுதல் வேலை. மேகம் இறங்கிவிட்டால் எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கொட்டகை தெரியாது. கொட்டகையில் நிற்கிறவர்களுக்கும் பெண்கள் இருக்கிற இடம் தெரியாது. அப்பா ஒரு பாறைமேல் ஏறி, இரண்டு கையையும் வாயோரம் குவித்து, "ஏ... ஓய்!" என்று சத்தம் கொடுப்பார். நீளமாக ஒன்று என்றால் நிறுக்க வாருங்கள். குட்டையாக இரண்டு என்றால் பாதையில் காட்டுமாடு நிற்கிறது, சுற்றி வாருங்கள். சொல்லிவிட்டு உடனே இறங்கமாட்டார். வெள்ளைக்குள்ளே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் "ஓய்" என்று திருப்பிச் சொல்லும். அது வந்த பிறகுதான் பாறையை விட்டு இறங்குவார். பெரும்பாலும் அந்தத் திரும்புகிற குரல் அம்மாவுடையது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அது பெரிய தொல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் தூக்குவாளியைக் கொண்டுபோக நான் மறந்துவிட்டால், அங்கிருந்தே என் பெயரைக் கூப்பிடுவார். வகுப்பு சிரிக்கும். வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "போலே, சீக்கிரம் போ. இன்னொரு தரம் கூப்பிட்டா கேரளாக்காரன் மலையேறி எட்டிப் பாப்பான்" என்பார்.

மலை என்றதும் சிலர் முகம் மலர்ந்து, குளுகுளுவென்று இருந்திருக்குமே என்கிறார்கள். இருந்தது. கூரை ஒழுகும் இடத்தில் வைக்கிற பாத்திரங்கள் தனியாக இருந்தன. அட்டை கடித்த கால்கள் இருந்தன. ஒரு அறையும் ஒரு அடுப்பும் கொண்ட வரிசை வீடுகள் இருந்தன. வேலை போனால் அந்த அறையும் போகும். அங்கே எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஆணிகூட இல்லை. பதினோராம் வகுப்பு படிக்க நான் மலையிறங்கி விடுதிக்கு வந்த வருசம் அம்மா காய்ச்சலில் இறந்தாள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே எங்கள் ஆட்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஆறடி கிடைத்தது. அதுதான் மலையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நிலம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பா அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். சுவரில்லாத வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி அடிப்பார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஒலிபெருக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்குப் பின்பக்கம் அப்பளம் போடுகிற இடம். வெயில் ஏறினால் உளுந்தும் பெருங்காயமும் சேர்ந்து மணக்கும். ஆம்ப்ளிபயரின் ஓட்டைகளுக்குள் உளுந்தமாவு படிந்திருக்கும். கழற்றித் துடைக்கும்போது பசி எடுக்கும். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது, நானும் அண்ணாச்சி என்றேன். நாலு வயர்லெஸ் மைக்குகளும் அவற்றுக்கான ரிசீவர்களும் வாங்கி, பயந்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

"வயர் இருந்தா மைக்கு எங்கன போனாலும் இழுத்துக்கிடலாம்லே. வயரில்லாத மைக்கு, பொண்டாட்டி ஊருக்குப் போன மாப்பிள்ள மாதிரி. எங்கன சுத்துதான், யாரு கூடப் பேசுதான், ஒண்ணும் தெரியாது."

நான் கையேட்டை அகராதி வைத்து வாசித்து, நாலையும் ஓட வைத்தேன். கறுப்பு ஒட்டு நாடா சுற்றி, வெள்ளை மையால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினேன். பேசுகிறவர்கள் தெரியாமல் அணைத்துவிடாதபடி சுவிட்சின் மேலும் ஒரு துண்டு நாடா. அப்புறம் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். பந்தல் கட்டுகிறவரிடம் அலைவரிசை பற்றிப் பேசினேன். பூ அலங்காரம் செய்கிற அக்காவிடம், பொறுமையாக, கொம்புகள் ஏன் இரண்டு என்று விளக்கினேன். அந்த அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்த வாளிய இங்கிட்டு நவுத்து" என்றாள்.

அந்த நாட்களில்தான் சித்தி மகள் கல்யாணம் வந்தது. அண்ணாச்சியிடம் கேட்டு ஒரு நாளைக்கு ஒலிபெருக்கி எடுத்துப்போனேன். பெருமை தாங்காமல் அப்பா கையிலேயே மைக்கைக் கொடுத்து, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடச் சொன்னேன். அவர் எதிர்ச்சரிவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளே ஏதோ கிழிந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு கைக்குழந்தை வீறிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்க காட்டுலருந்து நேரா வந்துட்டாங்க போல வே" என்றான் ஒருவன். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிழிந்த ஸ்பீக்கரை அண்ணாச்சியிடம் காட்டி, எலி கடித்துவிட்டது என்றேன்.

அதன்பிறகு எஸ்டேட்டை மூடிக் காட்டிலாகாவிடம் ஒப்படைக்கப்போகிறார்கள், எல்லாரும் இறங்க வேண்டும் என்று ஆனது. மேலே இருந்தவர்களின் குறைகளைக் கேட்க, கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். ஒலிபெருக்கி எங்கள் கடைக்கு வந்தது. அண்ணாச்சி முதல் நாளே என்னைத் தனியாக அழைத்தார்.

"ஏலே, நீ மேலக்காரன்னு அங்கன ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, பாத்துக்க. ஒரு மைக்கு கரகரன்னாக்கூட வேணும்னே செஞ்சான்னு பேச்சு வரும். அந்தப் பக்கமும் சொல்லுவான், இந்தப் பக்கமும் சொல்லுவான். நமக்கு எதுக்குலே வம்பு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் செய்ததில்தான் தப்பு. அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். மேலே சிக்னல் கிடைக்கிற ஒரே வளைவில் நின்று பேசினார்.

"எப்பா, மண்டபத்துல என்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. நம்ம ஆளுககிட்டயும் சொல்லிருங்க. வேலைக்கு வந்த எடம்."

"சரிய்யா. நீ வேலையப் பாரு. நானும் பேசுதேன், தெரியுமா?"

தெரியாது. சொன்னார். நாலு பேர்தான் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். வரிசை வீட்டு ஆட்கள் கூடி, ஒருவர் பேசியதை இன்னொருவர் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டார்களாம். முதல் ஆளுக்கு வீடு, இரண்டாம் ஆளுக்கு வேலை, மூன்றாம் ஆளுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

"எனக்குக் கல்லறைய்யா. நான் சத்தமாப் பேசுவேன்னு கடைசியில போட்டிருக்காங்க. வருசத்துக்கு ஒரு நாளு. ஏறிப்போய் சுண்ணாம்பு அடிச்சிட்டு, ஜெபம் பண்ணிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிருவோம். சோதனைச் சாவடியில விடணும். வேற ஒண்ணும் கேக்கல. உங்கம்மா பேரையும் சொல்லலாம்னு இருக்கேன்."

போனிலேயே எனக்கு ஒத்திகை பார்த்துக் காட்டினார். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

கூட்டத்தன்று காலையில் மண்டபத்தில் ரிசீவர்களை மேடையோரம் வைத்தேன். சேனல் தேடினேன், கொம்புகளை விரித்தேன், நாலு மைக்குக்கும் புது பேட்டரி போட்டேன். அண்ணாச்சி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு மைக்கக் கைமாத்திக் குடுத்தாப் போதாதா? பந்தியில எலை போடுத மாதிரி ஆளுக்கொண்ணு எதுக்குலே?"

"ஒவ்வொருத்தர் கொரலும் வேற வேற அண்ணாச்சி. ஆளுக்கேத்த மாதிரி மைக்கை வைக்கணும்."

"படிச்ச பய" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மூன்றாம் மைக்கே கைமாறி அப்பாவிடம் போயிருக்கும்.

அந்த வகை மைக்கில் பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே நகத்தால் தள்ளுகிற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சாதாரணக் குரலுக்கு ஒரு பக்கம், கத்துகிற ஆளுக்கு இன்னொரு பக்கம். கத்துகிற பக்கம் தள்ளினால் மைக்கின் காது பாதி மந்தமாகிவிடும். நாலாம் நம்பர் மைக்கைத் திறந்து கத்துகிற பக்கம் தள்ளினேன். ஸ்பீக்கரைக் காப்பாற்றத்தான் தள்ளினேன் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஸ்பீக்கர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. மேடையில் கோப்புகளோடு உட்காரப்போகிற அதிகாரிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காட்டிலிருந்து நேராக வந்துவிட்டான் என்பார்கள். அது நடக்கக் கூடாது. அதற்காகத் தள்ளினேன்.

மைக் ஒத்திகைக்கு நாலு பேரில் மூன்று பேரைக் கூப்பிட்டேன். நாலாவது ஆளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் போக, எனக்குத் தெரியாத குரலா?

கூட்டம் தொடங்கியது. முதல் ஆள் வீட்டைப் பற்றிப் பேசினார், நன்றாகக் கேட்டது. இரண்டாவதாக ஒரு அக்கா. மைக்கை வயிற்றோடு பிடித்திருந்தாள். நான் மேடைக்குப் போய், "இங்கன பிடிங்கக்கா" என்று அவள் கையை வாயருகே தூக்கி வைத்துவிட்டு வந்தேன். அது என் வேலை, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் ஆளும் முடித்தார். மேடைப் படியருகே நின்று நாலாம் நம்பர் மைக்கை நீட்டினேன்.

அப்பா சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோளில் துண்டு. மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் சொல்லிவைத்தது மறக்கவில்லை அவருக்கு.

"சார், இது போட்டிருக்கா? அப்படியே பேசலாங்களா?"

"போட்டிருக்கு. சுவிட்சைத் தொடாதீங்க" என்றேன்.

மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, மேடையில் அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். தலை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மைக் இரண்டு கைக்குள்ளும் நெஞ்சோடு இருந்தது. உதடு அசைந்தது. மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நிற்பை எனக்குத் தெரியும். எஸ்டேட் துரையின் ஜீப் கொட்டகைக்கு வந்தால் அப்பா இப்படித்தான் நிற்பார். துண்டு கக்கத்துக்குப் போகும், குரல் தொண்டைக்குள் போகும். துரையின் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை, பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும். இதை நூறு தரம் பார்த்திருக்கிறேன். சுவிட்சைத் தள்ளும்போது ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை. எங்கள் வரிசையில் சத்தமாகப் பேசத் தெரிந்தவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் வரவில்லை. மலைக்கு ஒரு குரல், மேலதிகாரிக்கு ஒரு குரல் என்று எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இரண்டு இருந்தன. அதை நாங்கள் குரல் என்றே நினைத்ததில்லை, மரியாதை என்று நினைத்தோம்.

ரிசீவரில் பச்சை முழுசாக எரிந்தது. பட்டை ஒன்றே ஒன்று, அதுவும் வந்து வந்து போனது.

மிக்சரில் நாலாம் பொத்தானை மேலே தள்ளினேன். காற்றாடிதான் பெரிதாகக் கேட்டது. இன்னும் தள்ளினேன். மண்டபம் முழுக்க ஊளையிட்டது. மேடை நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தார். அப்பா தன்னால்தான் அந்தச் சத்தம் என்று பயந்து மைக்கை இன்னும் கீழே இறக்கினார். நான் பொத்தானைப் பழைய இடத்துக்கே இழுத்தேன்.

போயிருக்க வேண்டும். முப்பது எட்டு வைத்து நடந்து, மைக்கை வாங்கி, மூடியைத் திறந்து, நகத்தால் ஒரு தள்ளு. பிறகு அவர் கையை வாயருகே தூக்கி வைத்தால் போதும். அந்த அக்காவுக்குச் செய்ததுதான். ஆனால் நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றால் அச்சு அப்படியே இருக்கும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அதே நெற்றி, அதே காது. மேடை வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேன். பாதியிலேயே நின்றேன்.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து குனிந்தார். "யாருலே அந்த ஆளு? பேசுதாரா, ஜெபம் பண்ணுதாரா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

கேட்கவில்லை என்று மண்டபத்தில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. கீழே இருந்த எங்கள் ஆட்கள், மேடையில் பக்கத்தில் இருக்கிற அதிகாரிகளுக்குக் கேட்டிருக்கும், நடுவில் குறுக்கிட்டால் மரியாதை இல்லை என்று பேசாமல் இருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் முடிந்தது. பெரிய அதிகாரி தலையை ஆட்டி, "நல்லது, உக்காருங்க" என்றார். அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கினார். மைக்கை என்னிடம் தந்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்றார்.

பேருந்து நிலையத்தில், ஆட்கள் கலைந்த பிறகு, மெதுவாக என் பக்கம் வந்து நின்றார். முகம் பூரித்திருந்தது.

"நல்லாக் கேட்டுச்சாய்யா?"

"கேட்டுதுப்பா."

"பெரியவரு தலையாட்டினாரு, பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப விட்டிருவாங்க" என்றார்.

மலையை விட்டு எல்லாரும் இறங்கினார்கள். ஊருக்கு வெளியே ஒரு அடுக்கு வீட்டில் எங்களுக்கு மூன்றாம் மாடி கிடைத்தது. அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அப்பா ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். என்னையும் கூப்பிடவில்லை, எனக்கு வேலை இருக்கும் என்று நினைத்திருப்பார். மதியத்துக்குமேல் திரும்பி வந்தார். வாளி அப்படியே கனத்தது. சாவடியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம்.

"கூட்டத்துல கேட்டது வீடு, வேலை, பள்ளிக்கூடம். மூணுதான் தாள்ல இருக்கு பெரியவரே. கல்லறைன்னு ஒண்ணும் இல்லையேன்னுட்டாரு" என்றார் அப்பா. "நான் பேசினேன், நாலு ஜில்லாவுக்கும் கேட்டிருக்கும்னு சொன்னேன். அவருக்குத் தெரியல, பாவம். நீ ஒண்ணு செய்யி. அந்தக் கூட்டத்த வீடியோ எடுத்தாங்கல்ல, அத உன் போன்ல போடு. கொண்டுபோய்க் காட்டுதேன்."

வீடியோ எல்லாரிடமும் இருந்தது. என்னிடமும் இருந்தது. அதில் ஒலி எங்கள் மிக்சரிலிருந்துதான் போயிருந்தது. போட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வீடு பேசியது, வேலை பேசியது, பள்ளிக்கூடம் பேசியது. பிறகு வெள்ளைச் சட்டை மேடையேறியது.

"சத்தம் வையிய்யா."

"வச்சிருக்கேன்பா."

"இன்னும் கொஞ்சம் கூட்டு."

"முழுசா வச்சாச்சு."

காற்றாடி. ஒரு ஊளை. திரும்பவும் காற்றாடி. அப்பா போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். திரும்பப் பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார்.

அப்போதுதான் சொன்னேன். சுவிட்ச், சித்தி மகள் கல்யாணம், நடக்காத முப்பது எட்டு, அண்ணாச்சியிடம் சொன்ன பதில், பேருந்து நிலையத்தில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாளிக்குள் விரலை விட்டு, கட்டி தட்டிப்போன சுண்ணாம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"ஆபீசருமாரு முன்னால எப்படிய்யா கத்த முடியும்?" என்றார். விரலை வெளியே எடுத்து, "உங்கம்மா பேரச் சொல்லுதப்பவாவது சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒலிபெருக்கிக் கடையை விட்டுவிட்டேன். மனு எழுதிக் கொடுத்தோம். என் கையெழுத்து நன்றாக இருப்பதாக வாங்கியவர் பாராட்டினார். பதில் இன்னும் வரவில்லை. சுண்ணாம்பு காணாத கல்லறை இந்நேரம் பாசி பிடித்திருக்கும். காட்டுமாடு உரசிச் சிலுவை சாய்ந்திருக்கலாம். இதெல்லாம் ஊகம்தான். போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

அடுக்கு வீட்டில் சுவர்கள் மெல்லிசு. வந்த புதிதில் அப்பா மாடியிலிருந்து பால்காரரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "பையப் பேசுங்க பெரியவரே, பிள்ளைக்குப் பரீட்சை" என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் அந்த மேடைக் குரல்தான். சாப்பிட்டியா என்று கேட்பதைக்கூட நான் பக்கத்தில் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. புது ரிசீவரைப் பூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா டவுன் பஸ்ஸில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். தூக்குவாளியை மேடையில் வைத்துவிட்டு, முன்னூறு காலி நாற்காலிகளையும் பார்த்தபடி நின்றார். எனக்கு என்ன தோன்றியதோ, பேட்டரி மூடியைத் திறந்து சுவிட்ச் சாதாரணப் பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்து, மைக்கை அவர் கையில் கொடுத்தேன். கையைப் பிடித்து வாயருகே தூக்கி வைத்தேன்.

"எப்பா, மேல பாறையில ஏறிக் கூப்பிடுவீங்கல்ல. அப்படி ஒரு தரம் கூப்பிடுங்க. இங்க யாரும் இல்ல. எவ்வளவு சத்தமும் போடலாம்."

ஓடிப்போய் ரிசீவர் முன்னால் நின்றேன். பச்சை முழுசாக எரிந்தது. அப்பா நாற்காலிகளைக் கடைசி வரிசைவரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"யாரக் கூப்பிடய்யா?"

ஒரு பட்டை ஏறி இறங்கியது.

 பிறகு கட்டைவிரலால் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்து, தானே அணைத்து, மைக்கைத் துண்டால் துடைத்துத் தந்தார்.

"பேட்டரி வீணாப் போகும்" என்றார். "சோறு ஆறுது, சாப்பிடு."